மெஸ்னா: ஊசியில ஏறுறதும் குளிசையில ஏறுறதும் சலப்பைக்கு எவ்வளவு போய்ச் சேருது?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதல்ல ஒருக்கா திருப்பிச் சொல்லுறன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்க வேணும். தம்பிக்கு இஃபோஸ்ஃபமைட் எண்ட கான்சர் மருந்து ஏத்தினம், ஒரு நாளைக்கு 2000 மி.கி. படி அஞ்சு நாள். அந்த மருந்தால சலப்பை பழுதாகாமல் காக்கிறதுக்குக் குடுக்கிறதுதான் மெஸ்னா. போன முறை வார்டில மறிச்சு வைச்சு அதை மூண்டு தரமும் ஊசியாப் போட்டவை, ஒவ்வொரு தரமும் 400. இந்த முறை முதல் தரம் மட்டும் ஊசி, மற்ற ரெண்டு தரத்துக்கும் குளிசையைக் கையில தந்து வேலணைக்கு வீட்டை போகச் சொல்லிப் போட்டினம், அதுவும் 800 படி. பக்கத்துக் கட்டில் ஐயா வேற "குளிசை வயித்துக்கையே கரைஞ்சு போயிடும், ஊசிதான் உடம்பில ஏறும்" எண்டு சொல்லிப் பயப்படுத்தி இருக்கிறார். குளிசை பலம் குறைஞ்சதோ, ஏன் ரெண்டு மடங்கு, இது செலவு மிச்சம் பிடிக்கிற வேலையோ எண்டதுதான் உங்கட கேள்வி.

பாமசிப் பக்கம் நெடுக நிண்ட ஆள் எண்ட முறையில சொல்லுறன், ஐயா சொன்னது பாதி சரி. குளிசையில குடுக்கிற மெஸ்னா முழுசா வந்து சேருறதில்லை, அது தெரிஞ்சுதான் ரெண்டு மடங்கு போட்டிருக்கினம், அது தெரிஞ்சுதான் நேரத்தையும் முன்னுக்கு இழுத்திருக்கினம். சரியான நேரத்துக்குப் போட்டு வயித்துக்க நிண்டுதெண்டா குளிசை ஊசிக்குக் குறைஞ்சதில்லை, ஒரு விசயத்தில ஊசியை விட நல்லது எண்டும் சொல்லலாம். நீங்கள் பயப்பட வேண்டியது சத்திக்கும் மணிக்கூட்டுக்கும்தான்.

இது விளங்க வேணுமெண்டா மெஸ்னா எங்க நிண்டு வேலை செய்யுது எண்டு பாக்க வேணும். இஃபோஸ்ஃபமைட், அதின்ர இன மருந்தான சைக்ளோஃபொஸ்ஃபமைட் ரெண்டும் ஈரலுக்குப் போய்த்தான் கான்சரை அடிக்கிற மருந்தா மாறுது, அப்பிடி மாறேக்க அக்ரோலின் எண்டொரு நச்சும் பக்கவிளைவா வரும். அது ரத்தத்தில சுத்தி கிட்னியால சலத்துக்கு இறங்கி சலப்பையில தங்கி நிக்கும். தங்கி நிக்க நிக்க சலப்பையின்ர உள்தோலை அரிச்சு எரிவு, கடுப்பு, பிறகு ரத்தம், மோசமெண்டா கட்டி கட்டியா ரத்தம் வந்து சலம் அடைச்சே போகும். மெஸ்னா வர முன்னம் இஃபோஸ்ஃபமைட்டை வேண்டிய அளவுக்கு ஏத்த ஏலாம இருந்ததுக்குக் காரணமே இந்தச் சலப்பைதான். மெஸ்னா எண்டது கந்தகம் உள்ள ஒரு சின்ன மூலக்கூறு, அந்தக் கந்தக முனையால அக்ரோலினைப் பிடிச்சுக் கட்டிப் போடும், கட்டின அக்ரோலின் ஆபத்தில்லாமல் சலத்தோட வெளிய போயிடும். (சளியை இளக்கிறதுக்கும் இதே மெஸ்னாவைப் பாவிக்கிறவை, அதுவும் இந்தக் கந்தகத்தின்ர வேலைதான்.)

இப்ப முக்கியமான இடம். மெஸ்னா ரத்தத்துக்க போன உடன அங்க அது மெஸ்னாவா நிக்காது, ரெண்டு ரெண்டாச் சேர்ந்து டைமெஸ்னா எண்ட வடிவத்துக்கு மாறிடும், அந்த வடிவம் அக்ரோலினைப் பிடிக்காது, கான்சர் மருந்தையும் தொடாது. கன பேர் "சலப்பையைப் பாதுகாக்கிற மருந்து கான்சர் மருந்தின்ர வேலையையும் கெடுக்காதோ" எண்டு கேக்கிறவை, கெடுக்காததுக்குக் காரணம் இதுதான். பேந்து கிட்னி அதை வடிச்சு எடுக்கேக்க அங்க இருக்கிற குளூட்டத்தயோன் தொகுதி (உடம்பே செய்யிற ஒரு கந்தகச் சேர்வையின்ர ஏற்பாடு) டைமெஸ்னாவில ஒரு பங்கைத் திரும்ப மெஸ்னாவா உடைச்சு சலத்துக்க விடும். ரத்தத்தில நித்திரை, சலத்தில முழிப்பு. அதால ரத்தத்தில எவ்வளவு இருக்கெண்டு பாத்து ஊசியையும் குளிசையையும் ஒப்பிட்டா பாதி உண்மைதான் தெரியும், பாக்க வேண்டியது சலத்தில.

ஊசியை முதல் எடுப்பம். 800 மி.கி. ஊசியாக் குடுத்துப் பாத்த அளவுகளில மெஸ்னாவின்ர அரை ஆயுள் 0.36 மணித்தியாலம், அதாவது 22 நிமிசம் அளவில ரத்தத்தில இருக்கிறது பாதியாகிடுது, டைமெஸ்னாவுக்கு 1.17 மணித்தியாலம். 24 மணித்தியாலத்துச் சலத்தைச் சேர்த்துப் பாத்தா குடுத்ததில 32 வீதம் மெஸ்னாவாவும் 33 வீதம் டைமெஸ்னாவாவும் வந்திருக்கு, அதிலயும் பெரும்பங்கு முதல் நாலு மணித்தியாலத்துக்கையே வந்து முடிஞ்சுது. கவனிச்சுக்கொள்ளுங்கோ, ஊசியில நேர நரம்புக்கையே போட்டாலும் வேலை செய்யிற வடிவத்தில சலப்பைக்கு வாறது மூண்டில ஒரு பங்குதான். "ஊசி முழுசா ஏறும்" எண்ட கதை ரத்தத்துக்குச் சரி, சலப்பைக்குச் சரியில்லை.

இதுக்கு எதிர்ப்பக்கத்தில இஃபோஸ்ஃபமைட் நிக்குது. தம்பிக்குக் குடுக்கிற மாதிரி அளவுகளில அதின்ர அரை ஆயுள் ஏழு மணித்தியாலம் அளவு, பெரிய டோஸை ஒரேயடியா ஏத்தினா இன்னும் நீளும், 15 மணித்தியாலம் வரைக்கும் சொல்லியிருக்கினம். எதிரி நாள் முழுக்க மெல்ல மெல்ல வந்துகொண்டு இருக்கிறான், காவல்காரன் கொஞ்ச நேரத்தில வீட்டை போயிடுறான். அதுதான் மெஸ்னாவை ஒருக்காப் போட்டு விடாமல் 0, 4, 8 எண்டு நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மூண்டு தரம் போடுறது, ஒவ்வொரு தரமும் இஃபோஸ்ஃபமைட் அளவின்ர 20 வீதம். தம்பிக்கு 2000, அதில 20 வீதம் 400, போன முறை போட்டது அதுதான். மொத்தம் 1200.

இனிக் குளிசை. எட்டு சுகதேகிகளுக்கு 1200 மி.கி. வாயாலயும் ஊசியாலயும் குடுத்து ரத்தத்தை அளந்து பாத்த கணக்கொண்டு மருந்தோட வாற அதிகாரபூர்வக் குறிப்பில இருக்கு. வாயால குடுத்ததில தனி மெஸ்னாவா ரத்தத்துக்கு வந்தது ஊசியோட ஒப்பிட்டா சராசரி 58 வீதம், ஆளுக்காள் 45 இல இருந்து 71 வரை. ஆனா டைமெஸ்னாவையும் மற்ற சேர்க்கைகளையும் கூட்டிப் பாத்தா 89 வீதம். இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ, குடல் உறிஞ்சாமல் விடுறது கொஞ்சம்தான் எண்டு விளங்கும், உள்ளுக்க வந்ததில கன பங்கு வாற வழியிலயே டைமெஸ்னாவா மாறிப் போச்சு, அதுதான் வித்தியாசம். அந்த டைமெஸ்னாவில ஒரு பங்கைத்தான் கிட்னி பேந்து உடைச்சுத் தருது. ஆகவே "வயித்துக்கையே கரைஞ்சு போயிடும்" எண்டது பிழை. ரத்தத்தில உச்சத்துக்கு வர எடுக்கிற நேரம்தான் பெரிய வித்தியாசம், ஊசியில உடனயே உச்சம், குளிசையில தனி மெஸ்னாவுக்கு ஒண்டரையில இருந்து நாலு மணித்தியாலம், மொத்தத்துக்கு மூண்டில இருந்து ஏழு. சாப்பாட்டோட போட்டாலும் வெறுவயித்தில போட்டாலும் சலத்துக்கு வாற அளவு மாறாது, அதால புட்டைச் சாப்பிட்டிட்டுப் போடலாமோ எண்டெல்லாம் யோசிக்கத் தேவையில்லை, வயித்துக்க நிக்கிற மாதிரிப் போட்டாச் சரி.

சலத்தில அளந்தா வாயால குடுத்த மெஸ்னா ஊசியின்ர 45 இல இருந்து 79 வீதம் வரைக்கும் வருது. இப்ப தம்பியின்ர குளிசைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கோ. 800 இல 45 வீதம் 360, 79 வீதம் 632. அதாவது 800 மி.கி. குளிசை சலப்பையின்ர கண்ணுக்கு 360 இல இருந்து 632 மி.கி. ஊசி போட்ட மாதிரி. போன முறை போட்ட ஊசி 400. ஆகக் குறைவா உறிஞ்சுற ஆளுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வருது, நல்லா உறிஞ்சுற ஆளுக்குக் கூடவே வருது. ரெண்டு மடங்குக்குப் பின்னால இருக்கிற கணக்கு இவ்வளவுதான். டொக்டர்மார் இதை 40 வீதம் எண்டு எழுதுவினம், முதல் ஊசி 20, பிறகு குளிசை 40, 40, எல்லாம் கூட்டினா இஃபோஸ்ஃபமைட் அளவுக்குச் சமன். உங்கட தாளில 400, 800, 800 எண்டு இருந்தா கூட்டிப் பாருங்கோ, 2000 வரும். கையில குடுக்கிற குளிசை 400 ஆவும் இருக்கும், 600 ஆவும் இருக்கும், உலக சுகாதார நிறுவனத்தின்ர அத்தியாவசிய மருந்துப் பட்டியலில ரெண்டும் இருக்கு, அதால "ரெண்டு குளிசை" எண்டு ஞாபகம் வைக்காம மி.கி. ஐ ஞாபகம் வையுங்கோ.

ஊசிக்கு 4ஆம், 8ஆம் மணித்தியாலமா இருந்த நேரம் குளிசைக்கு ஏன் 2ஆம், 6ஆம் மணித்தியாலமா ஆச்சு எண்டதும் இதோடயே விளங்கும். எங்கட தோட்டங்களில ஹோஸ் பிடிச்சுப் பாத்தியில நேர விடுறதும், கிணத்தடியில இருந்து வாய்க்காலால விடுறதும் மாதிரி, வாய்க்காலில கொஞ்சம் ஊறிப் போகும், கடைசிப் பாத்திக்கு வரப் பிந்தும், ஆனா மெசினை நிப்பாட்டின பிறகும் கொஞ்ச நேரம் தண்ணி வந்துகொண்டிருக்கும். குளிசை சலத்துக்கு வரப் பிந்தும் எண்டபடியால முந்தித் துறக்க வேணும். காலமை 10 மணிக்கு இஃபோஸ்ஃபமைட் துடங்கினா, அந்த நேரமே மெஸ்னா ஊசி, முதல் குளிசை 12 மணிக்கு, அடுத்தது பின்னேரம் 4 மணிக்கு. மணிக்கூடு ஓடத் துடங்கிறது இஃபோஸ்ஃபமைட் ஏறத் துடங்கின நேரத்தில இருந்து. சேலைன் கழட்டின நேரத்தில இருந்தோ வீட்டை வந்த நேரத்தில இருந்தோ எண்ணக் கூடாது, இதில கன ஆக்கள் பிழை விடுகினம். 12 மணிக் குளிசை கூடுதலா ஆஸ்பத்திரி வாசலிலயோ பஸ்ஸுக்கையோதான் வரும், அதால பையின்ர அடியில வைக்காமல் சேட்டுப் பொக்கற்றில ஒரு தண்ணிப் போத்தலோட வையுங்கோ, போனில அலாரமும் வையுங்கோ.

அந்த வாய்க்கால் பிந்திறதில இருக்கிற நன்மையைத்தான் மேல சொன்னனான். மூண்டும் ஊசியாப் போட்ட ஆக்களில 12 இல இருந்து 24 மணித்தியாலத்துக்குள்ள சலத்தில வாற மெஸ்னா கணக்கில எடுக்கத் தேவையில்லாத அளவு. ஊசியும் குளிசையுமாக் குடுத்த ஆக்களில அந்த நேரத்திலயும் குடுத்ததில 5 வீதம் அளவில வந்துகொண்டு இருந்திருக்கு, ரத்தத்தில சேர்ந்த மொத்த அளவும் ஒண்டரை மடங்கு. 5 வீதம் எண்டா சின்ன எண்தான், ஆனா இரவு நித்திரையில சலம் தேங்கி நிக்கிற நேரம் அது, அந்த நேரத்தில கொஞ்சம் இருக்கிறது ஒண்டும் இல்லாததை விட நல்லது எண்டுதான் நான் நினைக்கிறன்.

செலவுக் கதைக்கு வந்தால், இது கட்டிலையும் மணித்தியாலத்தையும் பாத்துச் செய்யிற ஏற்பாடு. மூண்டாவது ஊசி எட்டாவது மணித்தியாலத்தில, 10 மணிக்குத் துடங்கினா பின்னேரம் 6 மணி, அதுவரைக்கும் வார்டில மறிச்சு வைக்க வேணும், அஞ்சு நாளும். முந்தி இதுக்கு மகரகமைக் கான்சர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கிடந்த ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ, வீட்டில படுக்கிறதின்ர அருமை தெரியும். ஒரே வெருட்டல், வீட்டில தூரமா இருக்கிற ஆள் சத்தி எடுத்தா என்ன செய்யிறது எண்டதுதான், அதுக்குக் கீழ வாறன்.

அதுக்கு முன்னம், இந்த 20-40-40 எல்லாருக்கும் பொருந்தாது. உடம்பின்ர மேற்பரப்பு ஒரு சதுர மீற்றருக்கு ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல இஃபோஸ்ஃபமைட் போற ஆக்களில இந்த ஊசி-குளிசைக் கலவை நிரூபிச்சதில்லை எண்டு மருந்துக் குறிப்பிலயே எழுதிக் கிடக்கு. தம்பி சராசரி உயரம் நிறையெண்டா 2000 மி.கி. எண்டது சதுர மீற்றருக்கு 1.2 கிராம் அளவிலதான் வரும், அதால பிரச்சினை இல்லை, ஆனா எலும்புக் கான்சருக்குப் பெரிய டோஸில எடுக்கிற இன்னொரு பிள்ளைக்கு "எங்கட தம்பிக்குக் குளிசைதானே தந்தவை" எண்டு நீங்கள் போய்ச் சொல்லிப் போடாதேங்கோ. அப்பிடியான ஆக்களுக்கு மெஸ்னாவையும் சேலைனில கலந்து தொடர்ந்து ஏத்தி, இஃபோஸ்ஃபமைட் முடிஞ்ச பிறகும் மணித்தியாலக் கணக்கா விடுறவை. சின்னப் பிள்ளையள் அடிக்கடி சலம் போறவை, அவைக்கு இடைவெளியைக் குறைச்சுக் கூடத் தரம் குடுக்கிறதும் உண்டு. ஊசியே இல்லாமல் மூண்டும் வாயாலதான் எண்டா முதலாவதை மருந்து ஏத்த ரெண்டு மணித்தியாலம் முன்னமே குடுத்திட வேணும், அதே பிந்தல் கணக்குத்தான்.

சரி, சத்தி. இஃபோஸ்ஃபமைட்டே பிரட்டிற மருந்து, மெஸ்னாக் குளிசையும் தன்ர பங்குக்குப் பிரட்டும். குளிசை போட்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள சத்தி எடுத்தா அந்தத் தரம் போடாத மாதிரித்தான், திரும்பப் போட வேணும் இல்லாட்டி போய் ஊசியாப் போட வேணும். 4 மணிக்குப் போட்டு 5 மணிக்குச் சத்தியெண்டா பொறுத்துப் பாப்பம் எண்டு இருக்க வேண்டாம், வார்டுக்கு அடியுங்கோ. மேலதிகமா ஒரு தரத்துக்குக் குளிசை கையில தரச் சொல்லி இண்டைக்கே கேளுங்கோ. வேலணையில இருந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வாறதெண்டா பண்ணைப் பாலம் தாண்டி டவுனுக்கு வந்து வேற பஸ் மாற வேணும், இரவெண்டா பஸ்ஸும் இல்லை. நான் உங்கட இடத்தில இருந்தா அந்த அஞ்சு நாளும் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, சுன்னாகம் பக்கம் சொந்தக்காரர் வீட்டில தங்குவன். சத்தி நிப்பாட்டிற குளிசை தந்திருப்பினம், அதை மெஸ்னாவுக்கு முன்னுக்கே போடுங்கோ, சத்தி வந்த பிறகு அதைத் தேடிப் பிரயோசனம் இல்லை. போட்ட ஒவ்வொரு தரமும் சத்திதான் எண்டா அந்த ஆளுக்குக் குளிசை சரிவராது, மூண்டும் ஊசிதான், அதை வார்டில கேட்டு வாங்கிறதில வெக்கம் ஒண்டும் இல்லை.

அடுத்தது தண்ணி. மெஸ்னா இருக்கெண்டு தண்ணியை விடக் கூடாது, ஒரு நாளைக்கு ஆகக் குறைஞ்சது 2 லீற்றராவது உள்ளுக்க போக வேணும், அது சேலைனாவும் இருக்கலாம் குடிக்கிறதாவும் இருக்கலாம். எங்கட ஆக்களில நான் காணுற பெரிய பிழை, பஸ்ஸில போறதெண்டா வழியில சலத்துக்குப் போக இடமில்லை எண்டு காலமையில இருந்தே தண்ணி குடிக்காம இருக்கிறது, நெடுந்தீவில இருந்து படகில வாற பொம்பிளையள் இதில கெட்டிக்காரர். இந்த வெயிலுக்க அப்பிடி இருந்தா சலம் தடிச்சு மஞ்சளாகி அக்ரோலினும் செறிஞ்சு சலப்பையில மணித்தியாலக் கணக்கா நிக்கும், அதுக்கு மேல எவ்வளவு மெஸ்னா போட்டும் என்ன. தம்பியை அடக்கி வைச்சிருக்க விடாதேங்கோ, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காவாவது போகட்டும், படுக்க முன்னம் போகட்டும், இரவிலயும் ஒருக்கா எழும்பட்டும். இதயம், கிட்னிப் பிரச்சினை இருக்கிற ஆக்கள் மட்டும் எவ்வளவு குடிக்கிறதெண்டு டொக்டரிட்டக் கேட்டுச் செய்யுங்கோ.

குளிசை இல்லாத நேரத்தில ஊசி மருந்தையே குடிக்கக் குடுக்கிறதும் உண்டு, அப்பிடித் தந்தா பயப்பட வேண்டாம். மில்லிலீற்றருக்கு 100 மி.கி. இருக்கு, 4 மி.லீ. குப்பியில 400, ஆகவே 800 க்கு ரெண்டு குப்பி. குப்பியை உடைச்ச உடன கூழ்முட்டை மணம் ஒண்டு வரும், மருந்து பழுதாப் போச்செண்டு கொட்டிப் போட்ட ஆக்களும் இருக்கினம், அது கந்தகத்தின்ர மணம், அப்பிடித்தான் இருக்கும். கோலாவிலயோ தோடம்பழ ஜூஸிலயோ கலந்து குளிரவைச்சுக் குடிச்சா மணமும் ருசியும் அவ்வளவு தெரியாது, கலந்ததை மூடி பிரிட்ஜில வைச்சா 24 மணித்தியாலத்துக்குள்ள குடிச்சு முடிக்க வேணும். ஒண்டே ஒண்டு, கண்ணாடிக் குப்பியை வீட்டில நீங்கள் உடைச்சு ஊத்தாதேங்கோ, கண்ணாடித் தூள் விழும், வடிகட்டி உள்ள ஊசியால இழுத்து மூடியுள்ள போத்தலில பாமசியிலயே போட்டுத் தரச் சொல்லுங்கோ.

இன்னொரு வெருட்டல் சலப் பரிசோதனைத் தாளில வரும். மெஸ்னா எடுக்கிற ஆளின்ர சலத்தில கீட்டோன் (சீனி வருத்தம் கட்டுப்பாட்டில இல்லாட்டிச் சலத்தில வாற ஒரு பொருள்) பாக்கிற பட்டியை விட்டா சிவப்பு ஊதாவா மாறும், சீனி வருத்தக்காரரெண்டா வீட்டுக்காரர் பதறுவினம். அதில கூடுதலா மெஸ்னாதான் விளையாடுறது, ஊசியெண்டாலும் குளிசையெண்டாலும் ஒண்டுதான், பரிசோதிக்கிற ஆளுக்கு மெஸ்னா எடுக்கிறார் எண்டு முன்னமே சொல்லி விடுங்கோ. ரத்தம் காட்டினா அது வேற கதை, அதை மெஸ்னாவின்ர தலையில போடாதேங்கோ. ஒவ்வொரு நாளும் மருந்து ஏத்த முன்னம் காலமைச் சலத்தில சிவப்பணு பாக்கிறது இதுக்காகத்தான், சலத்தை எடுத்துக் குடுக்க அலுப்புப் படாதேங்கோ.

மெஸ்னா செய்யாததையும் சொல்லிப் போடுறன். துடங்கின ரத்தப்போக்கை அது நிப்பாட்டாது. இஃபோஸ்ஃபமைட் உடைஞ்சு வாற குளோரோஅசிற்றல்டிஹைட் எண்ட மற்ற நச்சு கிட்னியையும் மூளையையும் தாக்கிறதை அது தடுக்காது, எந்த வழியால குடுத்தாலும் சரி. அதால தம்பி வழமைக்கு மாறா நெடுகத் தூங்கி வழிஞ்சாலோ, மாறி மாறிக் கதைச்சாலோ, இல்லாத ஆக்களைக் கண்டாலோ களைப்பெண்டு விடாம உடன கொண்டு போங்கோ. காய்ச்சலுக்கும் அப்பிடித்தான். லூபஸுக்கு (உடம்பின்ர எதிர்ப்புச் சக்தி தன்ர உடம்பையே தாக்கிற வருத்தம்) சைக்ளோஃபொஸ்ஃபமைட் எடுக்கிற ஆக்கள் ஆராவது இதை வாசிச்சா, உங்களுக்கு மெஸ்னா தாறதா இல்லையா எண்டது டோஸைப் பொறுத்தது, ஆனா அப்பிடியான வருத்தக்காரருக்கு மெஸ்னா ஒவ்வாமை கூட வரும், தோல் தடிப்போ கொப்பளமோ காய்ச்சலோ வந்தா குளிசையை நிப்பாட்டிப் போட்டு சொல்லுங்கோ.

நாளைக்கு வார்டில மூண்டே மூண்டு விசயம் கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ: இஃபோஸ்ஃபமைட் துடங்கின சரியான நேரம், ரெண்டு குளிசைத் தரத்துக்கும் எழுதின மணி, இரவில சத்தி வந்தா அல்லது சலம் சிவந்தா அடிக்க வேண்டிய நம்பர். மூண்டையும் குளிசைப் பெட்டியிலயே எழுதி ஒட்டுங்கோ, தாள் துலைஞ்சாலும் பெட்டி கையில இருக்கும்.